கோள்களின் பிறப்பைக் கணினி எவ்வளவு அறியும்?

ஒரு கோள் முழுமையாக உருவாகச் சில லட்சம் ஆண்டுகளும் ஆகலாம், பத்துக் கோடி ஆண்டுகளும் ஆகலாம். மனிதர் கையில் தொலைநோக்கி வந்தோ நானூறு ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே ஒரு கோளின் பிறப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயுவும் தூசியும் கலந்த தட்டுகள், முதிர்ந்த விண்மீன்களைச் சுற்றிவரும் ஆயிரக்கணக்கான கோள்கள், பூமியில் வந்து விழுந்த விண்கற்கள் என்று ஆங்காங்கே சில சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றுக்கிடையே நடந்தது என்ன என்பதைக் கணினிச் சிமுலேஷன்களைக் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது.

பூமியின் பிறப்பைக் கணினியில் மீண்டும் நிகழ்த்திவிட்டார்கள் என்ற வகைச் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்? கடந்த அரை நூற்றாண்டின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஒரு சிமுலேஷன் நம் சூரியக் குடும்பத்தைப் போன்ற ஒன்றை உண்டாக்கிக் காட்டியது என்பதற்கு மதிப்பு குறைவு. அது எங்கே தோற்றது, இதுவரை யாரும் காணாத எதை முன்கூட்டிச் சொன்னது என்பவற்றுக்கே மதிப்பு அதிகம்.

சமன்பாட்டிலிருந்து கணினிக்கு

சுழலும் வாயு மேகம் சுருங்கித் தட்டையாகி, அதிலிருந்து சூரியனும் கோள்களும் தோன்றின என்ற கருத்து பழையது. இம்மானுவேல் கான்ட் 1755இலும் லாப்லாஸ் 1796இலும் அதை முன்வைத்தார்கள். அதற்குக் கணக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் சோவியத் விஞ்ஞானி விக்டர் சாஃப்ரோனோவ். 1969இல் வெளியான அவருடைய நூல், சிறு பாறைகள் மோதி ஒட்டிப் படிப்படியாகக் கோள்களாக வளர்வதைச் சமன்பாடுகளால் விவரித்தது. 1972இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே மேற்குலகம் அதைக் கவனித்தது.

வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் ஜார்ஜ் வெதரில் அந்தச் சமன்பாடுகளைக் கணினிக்குக் கொண்டுவந்தார். சில நூறு உடல்களைச் சூரியனைச் சுற்ற விட்டு, எது எதனோடு மோதும் என்பதைப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டார். உட்பகுதியில் நான்கைந்து பாறைக் கோள்கள் மிஞ்சுவது அந்தக் கணக்குகளில் வெளிப்பட்டது. பெரிய மோதல்கள் விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே நடந்தன என்பதும் தெரிந்தது. நிலா ஒரு பெருமோதலில் பிறந்தது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

1980களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, ஈர்ப்பு விசையை மட்டுமே கணக்கிடும் கிரேப் என்ற தனிவகைக் கணினியை உருவாக்கத் தொடங்கியது. எய்ச்சிரோ கொகுபோவும் ஷிகேரு இடாவும் அதைப் பயன்படுத்தி, 1998இல் ஒரு முக்கிய முடிவை வெளியிட்டார்கள். முதலில் சில உடல்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு வேகமாக வளர்கின்றன. பிறகு ஆளுக்கொரு வட்டாரத்தைப் பங்கிட்டுக்கொண்டு, அங்குள்ள பொருளை விழுங்கிச் சீராகப் பெருக்கின்றன. இந்தக் கோள்கருக்கள்தாம் பின்னர் ஒன்றோடொன்று மோதி முழுக் கோள்களாகின்றன.

இரண்டு கணக்குகள்

இந்தத் துறையில் இரண்டு வகைச் சிமுலேஷன்கள் உண்டு. முதல் வகை பல உடல்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கணக்கிடுகிறது. விதி எளியது, நியூட்டன் தந்தது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 100 கி.மீ. விட்டமுள்ள பாறைகளைக் கொண்டு ஒரு பூமியைச் செய்ய ஏறத்தாழ 40 லட்சம் பாறைகள் வேண்டும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் ஈர்க்கும். ஆறு நாள்களுக்கு ஒரு முறை எல்லாவற்றின் இடத்தையும் புதுப்பித்தால், பத்துக் கோடி ஆண்டுகளைக் கடக்க 600 கோடி முறை கணக்கிட வேண்டியிருக்கும். ஆகவே லட்சக்கணக்கான பாறைகளுக்குப் பதில் சில நூறு அல்லது சில ஆயிரம் பெரிய உடல்களை வைத்து நடத்துகிறார்கள். 1991இல் ஜாக் விஸ்டமும் மேத்யூ ஹோல்மனும் தந்த புதிய கணக்கு முறை வேகத்தை ஏறத்தாழ பத்து மடங்கு கூட்டியது. ஜான் சேம்பர்ஸ் 1999இல் வெளியிட்ட மெர்க்குரி, ஹான்னோ ரைன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ரீபவுண்ட் ஆகிய நிரல்கள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன.

இரண்டாம் வகை வாயுவின் ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. தட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அடர்த்தியையும் வேகத்தையும் வெப்பத்தையும் பின்தொடர்வது ஒரு வழி. ஃபிரெடரிக் மாசே 2000இல் எழுதிய ஃபார்கோ அப்படிப்பட்டது. வாயுவையே துகள்களாகக் கருதி நகர்த்துவது மற்றொரு வழி. 1977இல் தோன்றிய இந்த முறையை ஆஸ்திரேலியாவின் டேனியல் பிரைஸ் குழு உருவாக்கிய ஃபான்டம் நிரல் பின்பற்றுகிறது. வாயுக் கணக்கு மிகவும் கனமானது. சில ஆயிரம் சுற்றுகளைக் கடப்பதே பெரும்பாடு.

மைக்ரான் அளவுத் தூசியிலிருந்து பத்தாயிரம் கி.மீ. விட்டமுள்ள கோள் வரை அளவு வேறுபாடு ஒன்றுக்குப் பின் பதின்மூன்று சுழியங்கள். இந்த முழுத் தூரத்தையும் ஒரே ஓட்டத்தில் கடக்கும் நிரல் எதுவும் இல்லை. தூசிக்கு ஒரு நிரல், கூழாங்கல்லுக்கு ஒன்று, கோள்கருவுக்கு ஒன்று என்று பிரித்து நடத்தி, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கமாகக் கொடுக்கிறார்கள். முன்கட்டத்தில் நுழைந்த பிழை பின்கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் துறையின் முடிவுகளைப் படிக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய முதல் உண்மை இது.

ஒரு மீட்டர் தடை

தூசி மென்மையாக மோதினால் ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் யூர்கன் புளூம் குழு பல ஆண்டுகள் நடத்திய ஆய்வகச் சோதனைகள் இதன் எல்லையையும் காட்டின. மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் துகள்கள் ஒட்டுவதற்குப் பதில் எகிறுகின்றன. வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் உடைகின்றன. கணினியில் இந்த அளவீடுகளை ஊட்டியபோது வளர்ச்சி அங்கேயே நின்றுபோனது.

இன்னொரு சிக்கலை ஸ்டூவர்ட் வைடன்ஷில்லிங் 1977லேயே காட்டியிருந்தார். வாயுவுக்கு அழுத்தம் உண்டு என்பதால் அது பாறையைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. பாறைக்கு எப்போதும் எதிர்க்காற்று. அதனால் வேகமிழந்து விண்மீனை நோக்கி உள்ளே விழும். பூமியின் தொலைவில் உள்ள ஒரு மீட்டர்ப் பாறை நூறு ஆண்டுகளுக்குள் சூரியனில் போய் விழுந்துவிடும். ஒட்டி வளர அவகாசமே இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் சிமுலேஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்ட்ரூ யூடினும் ஜெரமி குட்மனும் 2005இல் எழுதிய கட்டுரையில், துகள்களும் வாயுவைத் திருப்பித் தள்ளுகின்றன என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். துகள்கள் சற்று நெருங்கிய இடத்தில் வாயுவும் சேர்ந்து வேகம் கொள்கிறது. அங்கே எதிர்க்காற்று குறைவு. சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் மறைவில் பின்னால் வருபவர்கள் கூடிக்கொள்வதைப் போல, வெளியிலிருந்து வரும் துகள்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஆண்டர்ஸ் யோஹான்சன் குழு 2007இல் நடத்திய சிமுலேஷன்களில் இப்படிச் சேர்ந்த கூட்டங்கள் தம் ஈர்ப்பாலேயே சுருங்கி, சீரஸ் சிறுகோளின் அளவுக்கு நேரடியாக வளர்ந்தன. ஒரு மீட்டர் கட்டத்தை அவை தாண்டவே இல்லை, அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன.

கணினியில் நடந்தது இயற்கையிலும் நடந்ததா? இங்கேதான் ஒரு நல்ல சோதனை அமைந்தது. இப்படிச் சுருங்கும் கூட்டங்கள் பல வேளைகளில் இரட்டை உடல்களாகின்றன என்றும், அவற்றில் பெரும்பாலானவை சூரியனைச் சுற்றும் அதே திசையில் ஒன்றையொன்று சுற்றும் என்றும் டேவிட் நெஸ்வோர்னி குழு 2019இல் காட்டியது. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டை இரட்டைகளின் அளவீடுகள் அதனோடு ஒத்துப்போயின. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துபோன அரோகோத், இரண்டு பகுதிகள் மென்மையாக ஒட்டிக்கொண்ட வடிவில் இருந்தது. வேகமான மோதலில் அப்படி அமையாது. வெறும் தோற்ற ஒற்றுமையைவிட வலுவான சான்றுகள் இவை.

வியாழன் எப்படி வளர்ந்தது?

வாயுத் தட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும். வியாழன் தன் வாயுவை அதற்குள் சேர்த்தாக வேண்டும். இதற்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிட்டன. முதலில் பூமியைப் போல் பத்து மடங்கு எடையுள்ள உள்ளகம் உருவாகி, அது வாயுவை இழுத்தது என்பது ஒன்று. ஜேம்ஸ் பொல்லாக் குழுவின் 1996ஆம் ஆண்டுக் கணக்கு இதற்கு ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்றது. தட்டின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம்.

அந்த இடைவெளியில்தான் மாற்று விளக்கம் இடம் பிடித்தது. தட்டு போதிய கனமாக இருந்தால் தன் ஈர்ப்பாலேயே உடைந்து, சில நூறு ஆண்டுகளில் வாயுக் கோள்களாகத் திரளும் என்று ஆலன் பாஸ் 1997இல் சிமுலேஷன் மூலம் வாதிட்டார். தட்டு போதிய வேகத்தில் குளிர்ந்தால்தான் அப்படி உடையும் என்று சார்ல்ஸ் கேமி 2001இல் ஒரு வரம்பைக் கணக்கிட்டார். பத்தாண்டுகள் கழித்து ஃபர்சானா மேருவும் மேத்யூ பேட்டும் அதே கணக்கை மேலும் நுணுக்கமாக, அதிகத் துகள்களோடு நடத்தினார்கள். ஒவ்வொரு முறை நுணுக்கத்தைக் கூட்டியபோதும் அந்த வரம்பு மாறிக்கொண்டே போனது. இயற்கையின் விதி கணினியின் நினைவகத்தைப் பொறுத்து மாறாது. அதில் கணிசமான பகுதி நிரலின் செயற்கைப் பாகுத்தன்மையால் வந்த பிழை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு முடிவை நம்புவதற்கு முன் நுணுக்கத்தைக் கூட்டியும் அது நிலைக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் இல்லை.

இதற்கிடையே உள்ளக விளக்கத்துக்கும் புதிய வலு கிடைத்தது. வளரும் உள்ளகம் பெரிய பாறைகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. வாயுவில் வேகமிழந்து வரும் கூழாங்கற்களை மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும் என்று கிறிஸ் ஓர்மலும் ஹுபர்ட் கிளாரும் 2010இல் காட்டினார்கள். மிக்கேல் லாம்ப்ரெக்ட்ஸும் யோஹான்சனும் 2012இல் அதை விரிவாக்கினார்கள். எடை சேரும் வேகம் பல மடங்கு கூடியது. உள்ளே விழுந்து தொலைந்துபோகும் என்று முன்பு கவலைப்பட்ட அதே கூழாங்கற்கள் இப்போது தீனியாகிவிட்டன. விண்கற்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. இரண்டு வேறு வேதிப் பண்புள்ள விண்கல் குடும்பங்கள், சூரியக் குடும்பம் பிறந்து சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் பிரிந்துவிட்டதாக 2017இல் வெளியான ஐசோடோப்பு அளவீடுகள் காட்டின. இடையில் வியாழனின் உள்ளகம் தடுப்பாக நின்றது என்பது ஏற்கத்தக்க விளக்கம். இன்று பெரும்பாலான வாயுக் கோள்களுக்கு உள்ளக விளக்கமே முன்னணியில் நிற்கிறது. எச்ஆர் 8799 போல மிக வெளியே பெருங்கோள்கள் சுற்றும் அமைப்புகளுக்குத் தட்டு உடைதல் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இடம்பெயரும் கோள்கள்

1995 அக்டோபரில் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் ஒரு கோளை அறிவித்தார்கள். ஏறத்தாழ பாதி வியாழன் எடை, சுற்றிவர 4.2 நாள்கள். விண்மீனுக்கு அவ்வளவு அருகில் அப்படி ஒரு கோள் பிறக்க முடியாது என்பதே அன்றைய கருத்து. அது வேறெங்கோ பிறந்து இடம்பெயர்ந்து வந்திருக்க வேண்டும். கோளும் தட்டும் கோண உந்தத்தைப் பரிமாறிக்கொள்வதால் கோள் இடம்பெயரும் என்பதை பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரிமெயினும் 1980லேயே கணக்கிட்டிருந்தார்கள். அந்தப் பழைய கணக்கு ஒரே நாளில் மையத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் கணக்கு தேவைக்கு மேல் வேலை செய்தது. பூமி அளவுள்ள கோள் ஒரு லட்சம் ஆண்டுகளில் விண்மீனில் விழுந்துவிடும் என்றது. அப்படியானால் நாம் இங்கே இருக்கவே கூடாது. 2006இல் சைமே-யான் பார்டெகூப்பரும் காரெல்ட் மெல்லமாவும் வாயுவின் வெப்பநிலை மாறாது என்ற வசதியான அனுமானத்தைக் கைவிட்டு, வெப்பப் பரிமாற்றத்தையும் சேர்த்து நடத்தியபோது, சில இடங்களில் கோள் வெளிநோக்கிக்கூட நகர்ந்தது. வசதிக்காக விட்டுவிட்ட ஓர் இயற்பியல் விவரம் விடையின் திசையையே மாற்றியது.

நம் நெப்டியூனும் இடம்பெயர்ந்ததே. சிறு பாறைகளைச் சிதறடித்ததால் அது வெளிநோக்கிச் சென்றது என்று ஹூலியோ ஃபெர்னாண்டஸும் விங்-ஹுவென் இப்பும் 1984இல் சிமுலேஷன் மூலம் சொன்னார்கள். புதுதில்லியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ரேணு மல்ஹோத்ரா 1993இல் அதைப் புளூட்டோவோடு இணைத்தார். நெப்டியூன் மூன்று சுற்றுச் சுற்றும்போது புளூட்டோ இரண்டு சுற்றுகிறது. வெளியே நகர்ந்த நெப்டியூன் அதை அந்த ஒத்திசைவில் பிடித்து இழுத்துச் சென்றது என்பது அவர் வாதம். அது உண்மையானால் அதே ஒத்திசைவில் வேறு பல உடல்களும் இருக்க வேண்டும். அப்படியே பல உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

செவ்வாய் தந்த தோல்வி

பாறைக் கோள்களின் சிமுலேஷன்களை முப்பது ஆண்டுகளாகத் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. செவ்வாயின் எடை பூமியில் ஒன்பதில் ஒரு பங்குதான். கணினியிலோ அந்த இடத்தில் மீண்டும் மீண்டும் பூமியோடு ஒப்பிடத்தக்க கோளே உருவானது. வெதரில் 1991லேயே இதைக் கவனித்தார். துகள்களைக் கூட்டியும் நிரலை மாற்றியும் தீரவில்லை. பிழை கணக்கில் இல்லை, தொடக்க நிலை பற்றிய அனுமானத்தில் இருக்கிறது என்பது மெல்ல விளங்கியது.

பிராட் ஹான்சன் 2009இல் சூரியனிலிருந்து 0.7 முதல் 1 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு) வரையிலான குறுகிய வளையத்தில் மட்டும் பொருளை வைத்துப் பார்த்தார். சிறிய செவ்வாய் வந்துவிட்டது. வளையத்தை யார் வெட்டினார்கள்? 2011இல் கெவின் வால்ஷ் குழு வியாழன் மீது பொறுப்பைப் போட்டது. வியாழன் 1.5 வானியல் அலகு வரை உள்ளே வந்து, சனியோடு ஒத்திசைவில் சிக்கித் திரும்பிச் சென்றது என்பது அவர்கள் வாதம். 2018இல் மேத்யூ கிளமென்ட் குழு, பெருங்கோள்களின் சுற்றுப்பாதைகள் மிக முன்னதாகவே குலைந்தது செவ்வாயின் வளர்ச்சியை நிறுத்தியது என்றது. தொடக்கத்திலேயே செவ்வாய்ப் பகுதியில் பொருள் குறைவாக இருந்தது என்போரும் உண்டு. கூழாங்கற்களைக் கொண்டே நான்கு பாறைக் கோள்களையும் வளர்த்தவர்களும் உண்டு.

இத்தனை கதைகளும் சிறிய செவ்வாயைத் தருகின்றன. எல்லாம் சரியாக இருக்க வழியில்லை. விடை பொருந்துவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. சிமுலேஷன்கள் உண்மையில் அறிவு தந்தது அவை தோற்ற காலத்தில்தான். பரந்து விரிந்த சீரான தட்டிலிருந்து மோதல்கள் மட்டுமே நம் செவ்வாயைத் தந்திருக்க முடியாது என்பதை அந்தத் தோல்விகள் உறுதி செய்தன.

தொலைநோக்கி வைத்த தேர்வு

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா தொலைநோக்கி 2014 நவம்பரில் எச்எல் டாரி என்ற இளம் விண்மீனின் படத்தை வெளியிட்டது. பத்து லட்சம் ஆண்டு வயதுகூட நிறையாத விண்மீனைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஒளி வளையங்களும் இருண்ட இடைவெளிகளும் இருந்தன. கோள்கள் தம் பாதையில் வாயுவை விலக்கி இடைவெளி உண்டாக்கும் என்று சிமுலேஷன்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவைதாம் இவை என்று தோன்றியது. மூன்று கோள்களை வைத்த ஒரு சிமுலேஷன் அடுத்த ஆண்டே படத்தை ஏறக்குறைய அப்படியே தந்தது. ஆனால் வெவ்வேறு பனிகள் உறையும் எல்லைகளாலும் அதே வளையங்கள் வரும், காந்தப்புலம் செயலிழக்கும் எல்லையிலும் வரும் என்று மற்றவர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். ஒரு படத்துக்கு மூன்று விளக்கம், மூன்றும் பொருந்தின.

படத்தைவிட இயக்கம் நம்பகமான சாட்சி. கோள் இருந்தால் அருகிலுள்ள வாயுவின் வேகத்தில் ஒரு வளைவு தெரிய வேண்டும். எச்டி 163296 என்ற விண்மீனின் தட்டில் அப்படிப்பட்ட விலகலை 2018இல் கிறிஸ்டோஃப் பான்ட் குழுவும் ரிச்சர்ட் டீக் குழுவும் தனித்தனியே அறிவித்தன. அதே ஆண்டு பிடிஎஸ் 70 விண்மீனின் தட்டில், அகன்ற இடைவெளிக்குள் ஒரு கோள் நேரடியாகவே படம்பிடிக்கப்பட்டது. 2019இல் இரண்டாவதும் கிடைத்தது. இடைவெளிக்குள் கோள் இருக்கும் என்ற கணிப்பு அந்த ஓர் இடத்தில் ஐயமின்றி மெய்யானது. மற்ற எத்தனையோ இடைவெளிகளில் இன்னும் எதுவும் கண்ணில் படவில்லை.

புள்ளிவிவரமும் ஒரு தேர்வு. ஷிகேரு இடாவும் டக்ளஸ் லின்னும் 2004இல் ஆயிரக்கணக்கான தட்டுகளைக் கணினியில் உருவாக்கி, எந்த எடையில் எத்தனை கோள்கள் வரும் என்று கணித்தார்கள். வாயு ஒருமுறை பாயத் தொடங்கினால் நிற்காது என்பதால், நெப்டியூனுக்கும் சனிக்கும் இடைப்பட்ட எடையில் கோள்கள் அரிதாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு. ஈர்ப்பு வில்லை முறையில் கிடைத்த கோள்களை 2018இல் ஆராய்ந்த டைசுகே சுசுகி குழு அத்தகைய வெறுமையைக் காணவில்லை. கணிப்பு இடறியதால்தான் வாயு பாயும் கட்டத்தைப் பற்றிய நம் புரிதல் குறைபாடுடையது என்பது தெரிந்தது. பொய்க்கக்கூடிய எண்ணைத் துணிந்து சொன்னதே அந்த மாதிரியின் சிறப்பு.

என்ன முடிவுக்கு வரலாம்?

கோள்களாக வளரும் முதல் பாறை உடல்களான குட்டிக்கோள்கள், துகள்கள் கூட்டமாகத் திரண்டு பிறந்தன என்பது வலுவான நிலையில் இருக்கிறது. வாயுக் கோள்களில் பெரும்பாலானவை உள்ளகத்திலிருந்து வளர்ந்தன என்பதும், கோள்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதும் அப்படியே. இவற்றுக்குக் கணினிக்கு வெளியே தனிச்சான்றுகள் உள்ளன. செவ்வாய் ஏன் சிறியது, தட்டின் கொந்தளிப்பு எவ்வளவு, அதில் காந்தப்புலத்தின் பங்கு என்ன என்பவை திறந்த கேள்விகள். மோதினால் முழுமையாக ஒட்டிக்கொள்ளும் என்று பழைய நிரல்கள் எளிமைக்காக வைத்த அனுமானத்தையும் இப்போதுதான் படிப்படியாகக் கைவிடுகிறார்கள்.

கோள்களின் பிறப்பைக் கணினியில் கண்டதாக அடுத்த முறை ஒரு செய்தி வந்தால், வாசகர் அதன் வண்ணப் படத்தை ஒதுக்கிவைத்துச் சில கேள்விகளைக் கேட்கலாம். தொடக்கத்தில் எதை அனுமானமாக வைத்தார்கள்? நுணுக்கத்தைக் கூட்டியபோதும் முடிவு நிலைத்ததா? எந்த அளவீடு வந்தால் இந்த முடிவு பொய்யாகும் என்று சொல்லியிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத சிமுலேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் சான்றாக ஏற்க வேண்டியதில்லை.